கேத்தலின் அடியைப் பாருங்கள்

(மாத்தளையில் மூத்தோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மேசையில் இரண்டு கேத்தல்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பேச வந்தவர் தேத்தண்ணிக் கடை போடப் போறாரா?" என்று முன்வரிசையில் ஒரு ஐயா கேட்டது என் காதில் விழுந்தது. கடை போட வரவில்லை ஐயா. இரண்டும் இரவல் வாங்கியவை. இந்த முதலாவது கேத்தல் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வந்தது. வெளியே முழுக்கக் கரி. உள்ளே எட்டிப் பாருங்கள், துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. இரண்டாவது, வில்கமுவப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுக் கேத்தல். வெளியே பளபளவென்று இருக்கிறது. உள்ளே அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்கிறது.

இரண்டும் ஒரே மாவட்டத்துக் கேத்தல்கள். இரண்டு வீட்டிலும் இருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே புத்திமதிதான் சொல்லியிருக்கிறார்கள்: "கொதிக்க வைத்துக் குடியுங்கள்." அந்தப் புத்திமதி முதல் கேத்தலுக்கு மருந்து. இரண்டாவது கேத்தலுக்கு அது பாதி மருந்துகூட ஆகாது. ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி மாத்தளையில் நின்று பேசுகிறவன் பழைய பாதையை மறந்துவிட்டுப் பேச முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளையைத் தாண்டி இந்த ஊருக்கு வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. அவர்களை விழுத்தியதில் பெரும்பங்கு வாந்திபேதிக்கு, அதாவது கொலராவுக்கு. தாகத்துக்குக் குனிந்து குடித்த குட்டையும் வழிக்கிணறுமே எமனாக இருந்தன. 2023இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், ஆகஸ்ட் 12ஆம் திகதி இந்த ஊரில்தான் நடையை முடித்தார்கள். அந்த நடையில் உங்களில் சிலரும் ஒரு நாளாவது சேர்ந்திருப்பீர்கள்.

நம்மவர்கள் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1854இல், லண்டன் நகரத்தில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் ஒரு காரியம் செய்தார். கொலரா கெட்ட காற்றால் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்தார். பெரும்பாலும் எல்லா வீடும் புரோட் தெருவிலிருந்த ஒரே தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே இருந்தது. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். மருந்து கொடுக்கவில்லை, ஊசி போடவில்லை. தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை இன்றைக்கு நாமும் நம் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் மேட்டு நிலத்துக்குப் போவோம். ரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ, உக்குவளை மேட்டுப் பக்கம். இங்கே பலருக்குத் தண்ணீர் என்றால் பீலித் தண்ணீர். பாறை இடுக்கிலிருந்து கசிவதை மூங்கிலோ குழாயோ வைத்து இழுத்து விட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் மண்ணில் அதிக நாள் தங்காமல் ஓடிவருவதால் அதில் உப்பும் சுண்ணாம்பும் குறைவு. ஆகவேதான் இந்தக் கேத்தலின் உள்ளே படிவு இல்லை. கையில் ஏந்தினால் ஜில்லென்று, கண்ணாடி போல இருக்கும். "எங்க பீலித் தண்ணிக்கு ஈடு உண்டா?" என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது? நாற்பது வருடத்துக்கு முன்னால் மேலே காடு இருந்தது. இப்போது அங்கே ஒரு லயம் இருக்கலாம், மாட்டுக் கொட்டில் இருக்கலாம், மரக்கறித் தோட்டம் இருக்கலாம், மலசலகூடக் குழி இருக்கலாம். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். அது சமதரைக் கணக்கு. சரிவில், அதுவும் வெடிப்புவிட்ட பாறைச் சரிவில், மேலே இருக்கும் குழி கீழே இருக்கும் ஊற்றோடு உறவு கொண்டாட 50 அடி ஒரு தடையே இல்லை. கிருமிக்கு நிறம் கிடையாது, வாசமும் கிடையாது. கண்ணாடி போன்ற தண்ணீரில்தான் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. நம் நாட்டின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்கிறது. ஒன்றே ஒன்று இருந்தாலும், மலம் எங்கோ தண்ணீரைத் தொட்டிருக்கிறது என்று பொருள்.

இந்தத் தண்ணீருக்குக் கொதிக்க வைப்பதுதான் சரியான வைத்தியம். அரை மணி நேரம் விறகைக் கொட்டி எரிக்க வேண்டியதில்லை. பெரிய குமிழி பொங்கி வந்து, ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். கொதித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

இந்தக் கேத்தலைத் தந்த அப்பாயியின் அடுப்படியில் நான் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். விடிய எழுந்து, பீலித் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி, நன்றாகக் கொதிக்க வைத்தார். எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகு ஒரு போத்தலில் பாதிக்குச் சுடுதண்ணீரை ஊற்றினார். மீதிப் பாதிக்குக் குடத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தார்.

"ஏன் அப்பாயி?" என்றேன்.

"சுடச்சுடக் குடிச்சா தொண்ட பத்தி எரியுதே தம்பி. கலந்தாத்தான் எறங்கும்."

எரித்த விறகெல்லாம் வீண். பாதிப் போத்தல் பச்சைத் தண்ணீர் என்றால், பாதிக் கிருமி திரும்பவும் உள்ளே போய்விட்டது. சுகாதாரப் பகுதியினர் "கொதித்தாறிய நீர்" என்று எழுதி வைப்பதில் "ஆறிய" என்ற சொல் அழகுக்காக இல்லை. தானாக ஆற வேண்டும். இரவு கொதிக்க வைத்து, மூடி வைத்து, காலையில் குடியுங்கள். அவசரமென்றால் மூடிய கேத்தலை ஒரு சட்டித் தண்ணீரில் இறக்கி வையுங்கள், கால் மணியில் ஆறும்.

அடுத்தது, எடுக்கும் கை. குடத்துக்குள் செம்பை விட்டு மோக்கும்போது விரலும் கூடவே முங்குகிறது. பேரப்பிள்ளை விளையாடிவிட்டு வந்து அதே செம்பை விடுகிறது. வீட்டுக்கு வரும்வரை நல்லதாக இருந்த தண்ணீர் வீட்டுக்குள் வைத்த பிறகு கெடுவது உலகம் முழுக்கக் கண்ட விஷயம். வாய் குறுகிய பாத்திரம், இறுக்கமான மூடி, கீழே ஒரு குழாய்: இந்த மூன்றும் இருந்தால் கை உள்ளே போகாது. குழாய் வைத்த பாத்திரம் வாங்க வசதியில்லையென்றால், நீளப் பிடி வைத்த அகப்பை ஒன்றைத் தண்ணீருக்கென்றே ஒதுக்கி, ஆணியில் தொங்கவிடுங்கள். மூடி இருந்தால் நுளம்பும் முட்டை போடாது, டெங்குவுக்கும் அதுவே காவல்.

நான் குறை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் தலைமுறையின் பழக்கங்கள் பலவற்றை விஞ்ஞானம் பிந்தி வந்து சோதித்துப் பார்த்து, தலையாட்டியிருக்கிறது. மலையில் வேலை செய்தவர்கள் பச்சைத் தண்ணீரைக் காட்டிலும் சாயத் தண்ணியைத்தான் போத்தலில் கொண்டு போனீர்கள். தேயிலைத் தண்ணீர் கொதித்த தண்ணீர். எத்தனையோ வயிற்றோட்டங்களை அந்தப் பிளேன்டீ தடுத்திருக்கும். தண்ணீரைப் பழைய சேலைத் துணியில் வடிகட்டினீர்கள். வங்காளதேசத்தில் 65 கிராமங்களில் இதையே சோதித்தார்கள். பழைய சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து வடிகட்டிய கிராமங்களில் கொலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலையே நல்லதாம், இழை பரந்து துளை சிறுத்துவிடுகிறதல்லவா. ஆனால் கொலராக் கிருமி தண்ணீரில் நீந்தும் சிறு உயிர்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் துணியில் சிக்குகிறது. மற்றக் கிருமிகள் தாராளமாகத் துணியைத் தாண்டும். வடிகட்டுங்கள், பிறகு கொதிக்கவும் வையுங்கள்.

கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். சிங்களச் சகோதரர்கள் அதை இங்கினி என்பார்கள். பானையின் உட்புறத்தில் நாலு தேய்ப்பு. அரை நாளில் சேறு அடியில் தங்கிவிடும். கலித்தொகைக் காலத்திலேயே தமிழர் அறிந்த முறை இது. இன்று சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போடுவதும் இதே வேலைக்குத்தான். பித்தளைக் குடமும் சும்மா இல்லை. 2005இல் இங்கிலாந்தின் நோர்தம்பிரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரில் மலக்கிருமி ஒன்றிரண்டு நாளில் அழிவதைக் கண்டார்கள். ஒன்றிரண்டு நாள் என்பதைக் கவனியுங்கள். காலையில் பிடித்து மத்தியானம் குடிக்கிற வீட்டில் குடத்துக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இனி, மலை இறங்கி இரண்டாவது கேத்தலுக்கு வருவோம். நாவுல, தம்புள்ளை, கலேவெல, வில்கமுவ. இங்கே மழை குறைவு, வெயில் அதிகம். தண்ணீர் பூமிக்குள்ளே பாறையோடு பல காலம் கிடந்து, பாறையில் உள்ளதையெல்லாம் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. "கிவுல் தண்ணி" என்று ஊரில் சொல்கிறார்களே, அதுதான். சவுக்காரம் நுரைக்காது. பருப்பு லேசில் அவியாது. தேத்தண்ணியின் மேலே ஆடை படரும். பரிசோதனைக்கூடம் வருவதற்கு முன்னாலேயே நம் பாட்டிமார் வைத்திருந்த பரிசோதனைகள் இவை.

இந்த வெள்ளைப் படிவைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். "ஐயோ, இதுவா என் வயிற்றுக்குள் போகிறது?" இல்லை அம்மா, இது வயிற்றுக்குள் போகவில்லை, கேத்தலில் தங்கிவிட்டது. கொதிக்கும்போது கல்சியம் சுண்ணாம்பாக மாறி வெளியே வந்துவிட்டது. பயப்பட வேண்டியது வெளியே வராததைப் பற்றி. புளோரைட் கொதித்தாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது, தேற்றாங்கொட்டைக்கும் மசியாது. ஒரு சின்னக் கணக்கு. லீற்றருக்கு 1.2 மில்லிகிராம் புளோரைட் உள்ள தண்ணீர் நாலு கோப்பை. கொதித்துக் கொதித்து மூன்று கோப்பையாக வற்றுகிறது. ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும். நாலு கோப்பைப் புளோரைட்டும் அந்த மூன்று கோப்பைக்குள் இருக்கிறது. இப்போது லீற்றருக்கு 1.6.

உலக சுகாதார நிறுவனம் 1.5 வரை போகலாம் என்று சொல்கிறது. வெப்ப நாட்டில் ஆட்கள் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார்கள், அதையும் பார்த்து அளவை வையுங்கள் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டுத் தரம் 1.0இல் நிற்கிறது. கடினத்தன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் எல்லை. அளவுக்கு மிஞ்சிய புளோரைட்டைச் சிறு வயதிலிருந்து குடித்தவர்களின் பல்லில் பழுப்புப் படை விழும். அது அழுக்கு அல்ல, எந்தப் பற்பொடிக்கும் போகாது. காலம் போகப் போக, அளவு மிக அதிகமான இடங்களில், எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு துயரமும் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா பக்கங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் பழுதாவதை வைத்தியர்கள் கண்டார்கள். நம் மாவட்டத்தில் வில்கமுவ அந்த நோயை நன்றாக அறிந்த ஊர். கடின நீர், புளோரைட், விவசாய இரசாயனம், வெயிலில் உடம்பு வற்றுவது என்று ஆய்வாளர்கள் பலதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்ட இன்னும் முடியவில்லை. அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? கிவுல் தண்ணீர் ருசியில்லை என்று நாள் முழுக்க வெயிலில் நின்றவர் இரண்டு மிடறோடு நிறுத்தினால், அதுவே சிறுநீரகத்துக்கு ஒரு அடி. நல்ல தண்ணீர் கிடைத்தால் ஆள் போதியளவு குடிப்பார். காரணம் எதுவாக இருந்தாலும் அது நன்மைதான்.

ஆகவே இரண்டாவது கேத்தல்காரருக்கு மூன்று வழி. ஒன்று, தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அடுத்த வீட்டுக் கிணறு நல்லது என்பதால் உங்கள் கிணறும் நல்லதாகிவிடாது. ஒரே வளவில் இரண்டு கிணறு இரண்டு விதமாக இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ கேளுங்கள். இரண்டு, மழைத் தண்ணீர். வானத்திலிருந்து விழும்போது அதில் புளோரைட்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முதல் மழையில் கூரையைக் கழுவ விட்டு, பிறகு வருவதை மூடிய தொட்டியில் சேருங்கள். அதைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், இங்கே கொதிப்பு முழுப் பலன் தரும். மூன்று, கிராமங்களில் வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீர். புளோரைட்டையும் உப்பையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் குளோரின் கிடையாது. கழுவாத கேனில் பிடித்து நாலு நாள் வைத்தால் கிருமி குடியேறும். பூச்சிமருந்து வந்த கேனில் மட்டும் எத்தனை தரம் கழுவினாலும் குடிநீர் பிடிக்கவே கூடாது.

இனி உங்களுக்கென்றே சில வார்த்தை. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். அந்தப் பங்கு இப்போது இன்னும் கூடியிருக்கிறது. வயது போனால் தாகம் மெதுவாகத்தான் சொல்லும். இருபது வயதில் உடம்பு கூப்பிடுவது போல எழுபதில் கூப்பிடாது. தாகமில்லை என்பதால் தண்ணீர் தேவையில்லை என்று எண்ணாதீர்கள். இன்னொரு காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். இரவில் எழும்ப வேண்டும், மலசலகூடம் லயத்துக்கு வெளியே தூரத்தில், விளக்கில்லை, படி வழுக்கும். அதற்குப் பயந்து பின்னேரம் நாலு மணியோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறீர்கள். அது உங்கள் தவறு அல்ல. வீட்டுப் பிள்ளைகள் கேட்கட்டும்: அம்மாவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பாதைக்கு ஒரு விளக்குப் போடுங்கள். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் குடித்து முடிப்பது இன்னொரு உபாயம். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடமே கேளுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் பிள்ளைக்குக் காட்டும் அவசரத்தைப் பாட்டிக்கும் காட்ட வேண்டும். வற்றுவதற்கு முதியவர் உடம்பில் அதிகம் மிச்சமில்லை. ஜீவனிப் பைக்கற் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுப் பைக்கற்றையும் கரைக்க வேண்டும். பாதிப் பைக்கற், ஒரு கோப்பைத் தண்ணீர் என்று கண் அளவு வேண்டாம்.

பாரமும் ஒரு விஷயம். ஒரு லீற்றர் ஒரு கிலோ. 15 லீற்றர்க் குடத்தை ஈரப் படியில் இடுப்பில் வைத்து ஏறும் எழுபத்தைந்து வயதுப் பெண்ணிடம் போய்ச் சுகாதாரம் பேசுவதில் பயனில்லை. பாரம் தாங்காதவர் குறைவாகக் கொண்டு வருவார், குறைவாகக் கை கழுவுவார், பழைய தண்ணீரையே மூன்று நாள் வைத்திருப்பார். ஆகவே இந்தப் பேச்சில் பாதி உங்களுக்கு. மீதிப் பாதி, குழாய் போட வேண்டிய, இங்கே இல்லாதவர்களுக்கு. மகாவலித் தண்ணீரைப் பொல்கொல்லையில் மறித்து, மலைக்குள்ளே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம் குடைந்து, 1976இல் உக்குவளைக்குக் கொண்டு வந்தார்கள். மொரகஹகந்தையில் பெரும் நீர்த்தேக்கம் கட்டி 2018இல் திறந்தார்கள். இவ்வளவு தண்ணீரையும் நம் மாவட்டத்தின் வழியாக வடக்கே கொண்டு போகத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு லயத்து வாசலுக்குக் குழாய் போடத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். பிரதேச சபையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். கேட்டதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை இடித்துத் தள்ளியது. மாத்தளையும் தப்பவில்லை. அப்படி ஒரு மழை பெய்தால் பழகிய பீலியும் பழகிய கிணறும் முன்பிருந்தவை அல்ல. வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடும்வரை அதில் குடிக்க வேண்டாம். "நாப்பது வருசமா குடிக்கிறேன், ஒண்ணும் ஆகல்ல" என்ற பேச்சு அன்றைக்கு உதவாது. நாற்பது வருடம் குடித்தது வேறு தண்ணீர்.

பெரியோரே, வீட்டுக்குப் போனதும் மூடியைத் திறந்து கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளை படிந்திருந்தால், ஒரு சுத்தமான போத்தலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இந்தக் கிழமையே சுகாதாரப் பணிமனைக்குப் போங்கள். படியாமல் இருந்தால், இன்றிரவே கொதிக்க வைத்து, மூடி, தானாக ஆற விடுங்கள். இரண்டு கேத்தல்களையும் நான் நாளைக்கே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ரத்தோட்டை அப்பாயிக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.